காய்கறித் தோல் நம் கேட்டைத் தாண்ட வேண்டாம்: குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். பால்கனியிலும் மொட்டை மாடியிலும் சமையலறைக் கழிவை மக்கவைத்து உரம் போடுகிறவர்கள் தங்கள் தொட்டிகளை இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துவிட வேண்டும். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பொது உரத்தொட்டி கட்டலாம் என்று போன பொதுக்குழுவில் பேசிய யோசனை கைவிடப்படுகிறது. இனிமேல் நம் குப்பை மொத்தத்தையும் தனியார் ஒப்பந்ததாரர் ஒருவர் அள்ளிக்கொண்டு போவார். அதற்காகப் பராமரிப்புக் கட்டணம் கூடும். காரணம் நாற்றம், ஈ, எலி என்று சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த முடிவை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளின் காய்கறித் தோலும் மீந்த சோறும் வளாகத்தின் கேட்டைத் தாண்டிப் போக வேண்டிய தேவையே இல்லை. அதற்கான இடமும் பொருளும் இங்கேயே இருக்கின்றன. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் போடாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கும் நண்பர்கள் பலரிடமும் இதே மாதிரி ஓர் அறிவிப்பைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். பதிலும் எல்லாருக்கும் பொதுவானதுதான்.

முதலில் நாற்றம். புகார் கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. தரைத்தளத்தில் குப்பை டிரம்கள் இருக்கும் அறையைக் காலை பத்து மணிக்குக் கடந்து போனால் மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த டிரம்களுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றும் இறுக்கி முடிச்சுப் போட்டவை. உள்ளே முந்தின நாள் சாம்பார் சாதம், மீன் செதில், வெங்காயத் தோல், பால் கவர், குழந்தையின் டயாப்பர். ஈரமான பொருளைக் காற்றே புகாமல் கட்டி வைத்தால், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதில் பெருகும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும், புளித்த வாடை அடிக்கும் அமிலங்களும் அவை உண்டாக்குபவை. சென்னை வெக்கையில் இதற்கு ஒரு ராத்திரி போதும். அதே வெங்காயத் தோலைக் காற்றோட்டமுள்ள தொட்டியில் காய்ந்த இலையோடு கலந்து போடுங்கள். அங்கே ஆக்சிஜனைக் கொண்டு வேலை செய்யும் வேறு நுண்ணுயிர்கள் வருகின்றன. அவை வெளிவிடுவது பெரும்பாலும் கரியமில வாயு, நீராவி, சூடு. இவை எதற்கும் வாடை கிடையாது.

ஆக, நாற்றம் வருவது முடிச்சுப் போட்ட பைகளிலிருந்து. தண்டனை கிடைத்திருப்பது தொட்டிகளுக்கு. தொட்டிகளை எடுத்துவிட்டால் இப்போது அவற்றில் விழும் ஈரக் குப்பையும் அந்தப் பைகளுக்குள்தான் போகும். குப்பை அறையின் நாற்றம் குறையாது, கூடும்.

மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுத் தொட்டி நாறியது உண்மை. போய்ப் பார்த்தேன். சோறு, பருப்பு, தர்பூசணித் தோல் என்று ஈரச் சரக்காகவே ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தது. மேலே தூவ உலர்ந்த பொருள் எதுவும் அந்த வீட்டில் இல்லை. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகியது. இருக்க வேண்டிய பதம், பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் எட்டிப் பார்க்கிற ஈரம். கீழே கூட்டிக் குவித்திருந்த சருகில் ஒரு பை நிறையக் கொண்டுபோய், நொறுக்கிப் போட்டு, அடிவரை கிளறிவிட்டோம். ஓரிரு நாளில் வாடை போய்விட்டது. அந்த வீட்டுக்காரருக்குத் தேவைப்பட்டது ஒரு பை சருகும் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவரும்தான். அதைச் சங்கம் ஏற்பாடு செய்திருக்கலாம்.

அப்புறம் ஒப்பந்ததாரர். அவர் எத்தனை மணிக்கு வருவார், எந்த வண்டியில் வருவார், மாதம் எவ்வளவு என்றெல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறது. குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்பது மட்டும் இல்லை. இந்தப் பகுதியில் வசிக்கும் நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடலாமா?

பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள். பல பத்தாண்டுகளாகத் தென்சென்னையின் குப்பை லாரி லாரியாக அந்தத் தண்ணீரில்தான் விழுந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தபோது, நாம் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் பூநாரை வந்து இறங்கும் தண்ணீர், மறுபக்கம் புகையும் மலை. பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து எடுக்கும் பயோமைனிங் வேலைக்கு இப்போது கோடிக்கணக்கில் செலவாகிறது. அது நம் வரிப்பணம். முன்பு நாம் கொட்டியதை அள்ளவே இவ்வளவு பாடு.

குப்பைமேடு தானாகப் பற்றிக்கொள்வதில் நம் சமையலறைக்கும் பங்கு இருக்கிறது. நம் நாட்டு நகரக் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கும் பொருள்தான். அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பல அடி ஆழத்தில் காற்றில்லாமல் புதைந்து கிடக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. எரியக்கூடிய வாயு. அடுத்தாற்போல் அது காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் பார்க்கையில் கரியமில வாயுவைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இன்னொரு பக்கம், அழுகலிலிருந்து வடியும் கறுப்பு நீர் பேட்டரி, பெயிண்ட் டப்பா போன்றவற்றின் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. மக்கும் குப்பை போகாத கிடங்கில் மீத்தேனும் பெரிதாக இருக்காது, இந்தக் கறுப்பு நீரும் இவ்வளவு இருக்காது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று கொடுங்கையூருக்கு ஒரு திட்டம் சொல்லப்பட்டு, வடசென்னை மக்கள் அதை எதிர்த்து வீதிக்கு வந்ததையும் பார்த்தோம். பாதிக்குப் பாதி ஈரமாக இருக்கும் குப்பையை எரிப்பதென்றால் முதலில் அதிலுள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்து விரட்ட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிக்கல் ஈரக் குப்பையில்தான் வந்து நிற்கிறது. அதைப் பிரித்துவிட்டால் மிச்சமுள்ள காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் எல்லாம் சுத்தமாக இருக்கும். பழைய பேப்பர் கடைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்.

சரி, இங்கேயே வைத்துக்கொண்டு என்ன செய்வது? பதில் நம் வளாகத்து மரங்களுக்கு அடியில் கிடக்கிறது.

வாசலில் நிற்கும் இரண்டு தூங்குமூஞ்சி மரமும், சுற்றுச்சுவர் ஓரத்துப் புங்கை, வாதுமை மரங்களும் எவ்வளவு இலை கொட்டுகின்றன என்று தினமும் பார்க்கிறோம். காலையில் அவற்றைக் கூட்டி, சாக்கில் அடைத்து, அதற்கும் வண்டி பிடித்து அனுப்புகிறோம். வண்டி வராத நாட்களில் சுவர் ஓரம் கொளுத்துவதும் நடக்கிறது. சட்டப்படி அது குற்றம். சமையலறைக் கழிவில் நைட்ரஜனும் தண்ணீரும் அதிகம், காய்ந்த இலையில் கார்பன் அதிகம். நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபத்தைந்திலிருந்து முப்பது பங்கு கார்பன் வேண்டும். காய்கறிக் கழிவில் மட்டும் இது பதினைந்து இருபது பங்குதான் இருக்கும். சருகில் ஐம்பதைத் தாண்டும். இரண்டையும் கலந்தால் கணக்கு சரியாகிறது. இலைக்குள் இருக்கும் இடைவெளி காற்றுக்கு வழிவிடுகிறது, அதிக ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு ஒன்று மருந்தாக இருக்கும் இரண்டு பொருள்களை, தனித்தனி வண்டிக்குக் காசு கொடுத்து நாம் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் செயற்குழு நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எப்படிக் கட்டுவது என்பதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய தும்பூர்முழி முறை பல ஊர்களில் நடப்பில் இருக்கிறது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரத்தில் ஒரு தொட்டி. நாலு பக்கமும் காற்றுப் புக இடைவெளி விட்ட சுவர். அடியில் சாணம், அதன் மேல் காய்ந்த இலை, அதன் மேல் ஈரக் குப்பை, மறுபடி இலை என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டியது. கிளற வேண்டியதில்லை. நிரம்பியதும் மூடி மூன்று மாதம் விட்டால் உரம் தயார். உள்ளே வெப்பம் ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டி அறுபதுக்கு மேலும் போகும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அதில் செத்துவிடும். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவித் தொட்டுப் பார்த்தால், கை வைக்க முடியாத சூடு தெரியும்.

நம் வளாகத்தில் நூற்றுச் சொச்சம் வீடுகள். ஒரு வீட்டுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு அறுபது கிலோ போல ஈரக் குப்பை வரும். ஒரு தொட்டி நிரம்ப இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், ஏனென்றால் போடப் போட அது அமுங்கிக்கொண்டே போகும். ஆறு தொட்டி இருந்தால், ஆறாவது நிரம்பும் நேரத்தில் முதல் தொட்டி உரமாகியிருக்கும். இதற்கு வேண்டிய இடம், நடக்கும் வழியையும் சேர்த்து, இரண்டு கார் நிறுத்துமிடம். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளும் பழைய டைல்ஸும் அடுக்கியிருக்கும் இடம் இதைவிடப் பெரியது.

எலி வரும் என்ற பயம் நியாயமானதே. எலி வருவது திறந்து கிடக்கும் சோற்றுக்கு. தொட்டியின் இடைவெளிகளுக்கு உட்பக்கம் அரை அங்குலக் கம்பிவலை அடித்து, மேலே மூடி போட்டு, ஈரக் குப்பை வெளியே தெரியாமல் ஒரு சாண் இலையால் மூடிவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை. இப்போது குப்பை அறை டிரம்களைச் சுற்றி எலிகள் பகலிலேயே ஓடுவதை நானே பார்க்கிறேன். மழைக்கும் வழி செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் வடியாமல் நின்றது, குப்பை வண்டி வரவில்லை, மிதந்த பைகளுக்கு நடுவில்தான் பால் பாக்கெட் வாங்கப் போனோம். ஆகவே தொட்டிகளை இரண்டடி மேடையில் கட்டி, மேலே தகரக் கூரை போட வேண்டும். வண்டி வராத நாட்களிலும் ஈரக் குப்பை வீட்டுக்குள் தேங்காமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

புழுவைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். பால்கனித் தொட்டியைத் திறந்ததும் வெளிறிய, தடித்த புழுக்கள் நெளிவதைப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் பையில் கட்டித் தூக்கி எறிந்த வீடுகள் நம் பிளாக்கிலேயே உண்டு. பெரும்பாலும் அவை கறுப்புப் படைவீரன் ஈ என்று சொல்லப்படும் பூச்சியின் புழுக்கள். வீட்டு ஈக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வளர்ந்த பூச்சி நம் உணவில் வந்து உட்காராது, கடிக்காது, சில நாள்களில் செத்துவிடும். புழுவாக இருக்கும்போது மட்டும் அசுர வேகத்தில் தின்னும். ஒரு தட்டு மீந்த சோற்றை ராவோடு ராவாக முடித்துவிடும். அவை அதிகம் வந்தால் தொட்டியில் ஈரமும் சமைத்த உணவும் மிகுந்துவிட்டன என்று அர்த்தம். சருகைக் கூட்டினால் குறையும். மேலே ஒரு பிடி வேப்பம்புண்ணாக்குத் தூளைத் தூவினால் பழ ஈயும் அண்டாது. இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுதாயக் கூடத்தில் அரை மணி நேரம் காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

இனி எழுதப்போவது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது.

நம் குப்பையைத் தினமும் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். துப்புரவு வேலைக்கு வரும் அக்காக்கள். காலை எட்டு மணிக்கு அவர்கள் டிரம்முக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாம் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்கள். பால் கவரை உதறி ஒரு பக்கம், பாட்டிலை ஒரு பக்கம், அட்டையை ஒரு பக்கம். நடுவில் சானிட்டரி நாப்கின் வரும், இன்சுலின் ஊசி வரும், உடைந்த கண்ணாடி டம்ளர் வரும். கையுறை சங்கத்தில் வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் ஈர முடிச்சை அந்தத் தடித்த கையுறையோடு அவிழ்க்க முடியாது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஓர் அக்காவின் கட்டைவிரலில் கண்ணாடி கிழித்த தழும்பு இருக்கிறது. காய்கறி நறுக்கும் இடத்திலேயே, நறுக்கும் கையாலேயே நாம் பிரித்துவிட்டால் அது பத்து விநாடி வேலை. அதையே கலந்து கட்டிக் கொடுத்து, இன்னொருத்தர் கையால் பிரிக்கச் சொல்வது அநியாயம். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒப்பந்ததாரரிடம் கொடுத்தால் இது தீராது. நம் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், நமக்கு முகம் தெரியாத இன்னோர் அக்கா அதே முடிச்சை அவிழ்ப்பார்.

உரத்தொட்டி வேலையை அந்த அக்காக்கள் தலையிலேயே கூடுதலாகக் கட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அடுக்குவது, மூடுவது, உரம் சலிப்பது எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேர வேலை இருக்கும். யார் செய்தாலும் அதற்குத் தனிச் சம்பளம் தர வேண்டும். பூட்ஸ், முகக்கவசம், கை கழுவத் தண்ணீர்க் குழாய் எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க நினைத்த தொகை, இலை வண்டிக்குக் கொடுக்கும் தொகை, தோட்டத்துக்கு வருஷா வருஷம் எருவும் செம்மண்ணும் வாங்கும் தொகை, மூன்றையும் பொருளாளர் கூட்டிப் பார்த்தால் இந்தச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது தெரிந்துவிடும்.

சட்டம் இந்தச் சுற்றறிக்கையின் பக்கம் இல்லை என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1996-ல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக 2000-ல் நகரக் குப்பைக்கான விதிகள் முதன்முதலில் வந்தன. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் அப்போதே இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டன: வீட்டிலேயே பிரிக்க வேண்டும், 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் தங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும், மிச்சத்தை மட்டும் உள்ளாட்சி சொல்லும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். நம் வளாகம் அந்த அளவைவிடப் பெரியது. பால்கனியில் உரம் போடுகிறவர்கள் விதி எதிர்பார்ப்பதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தடுக்கும் தீர்மானம் நம் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கக் கூடாது.

ஒரு நகரமே இதைச் செய்து காட்டியிருக்கிறது. ஆலப்புழை நகரத்தின் குப்பை பல வருடங்களாகப் பக்கத்திலிருக்கும் சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டது. 2012 வாக்கில் அந்த ஊர் மக்கள் இனிப் பொறுக்க முடியாது என்று லாரிகளை மறித்தார்கள். நகரத்துத் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. வேறு கிடங்கு தேடுவதற்குப் பதிலாக, அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக் முன்நிற்க, நகராட்சி வீடு வீடாகப் போனது. மானிய விலையில் குழாய் உரக்கலன்களும் சாண எரிவாயுக் கலன் மாதிரியான சிறு கலன்களும் கொடுத்தார்கள். வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு வார்டுதோறும், முன்பு குப்பை குவிந்து நாறிய அதே முனைகளில், தும்பூர்முழித் தொட்டிகளைக் கட்டினார்கள். 2017-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, உலகில் குப்பையை நன்றாகக் கையாளும் ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. அங்கிருந்து வெகுதூரம் இல்லாத கொச்சியில் எல்லாக் குப்பையும் பிரம்மபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2023 மார்ச்சில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்து, பத்து நாளுக்கு மேல் ஊரே புகையில் மூழ்கியது. ஒரே மாநிலம், ஒரே மழை, ஒரே மீன்குழம்பு. குப்பை எங்கே முடிகிறது என்பதில் மட்டும் வித்தியாசம்.

நம் பாட்டி தாத்தா காலத்து வீடுகளில் கொல்லையில் எருக்குழி இருந்தது. சாணம், வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், வாழை மட்டை எல்லாம் அதில் விழும். கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1920-களில் தொடங்கி இந்தூரில் ஆய்வு செய்து உருவாக்கிய உர முறைக்கும் இந்திய உழவர்களிடமும் சீன வழக்கத்திலும் அவர் கற்றதுதான் அடிப்படை. கொல்லை போய்ப் பால்கனி வந்திருக்கிறது. நறுக்குகிற வாழைப்பூ அதேதான்.

உரமாக்குவதற்கு முன்னால், குப்பையைக் குறைப்பதிலும் சங்கம் செய்யக்கூடியது உண்டு. வீடுகளில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், தர்பூசணியின் வெள்ளைச் சதையில் கூட்டு, கொத்தமல்லித் தண்டில் ரசம், பழைய சோற்றுக்கு மோர் என்று நம் சமையலறைகளுக்குத் தெரியும். எனக்குக் கவலை சமுதாயக் கூடத்து விசேஷங்கள்தான். ஒரு சீமந்தம், ஒரு பிறந்தநாள் முடிந்தால் அண்டாவில் மீந்த பிரியாணியும் இனிப்பும் கொத்தோடு டிரம்முக்குப் போகின்றன. கூடத்தை வாடகைக்குக் கொடுக்கும்போதே இரண்டு நிபந்தனை போடலாம். மீந்த நல்ல உணவை அன்றைக்கே எங்கே கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். பரிமாறுவது வாழை இலையில் அல்லது கழுவிப் பயன்படுத்தும் தட்டில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு உரத்தொட்டியில் மக்காது. வாழை இலை மக்கிவிடும். 'மக்கும் பை' என்று அச்சடித்து விற்கிறார்களே, அவற்றையும் நம்பித் தொட்டியில் போட வேண்டாம். அவற்றில் பல பெரிய உரத் தொழிற்கூடங்களின் நீடித்த சூட்டில் மட்டுமே சிதையும். தேங்காய் ஓடு, மாங்கொட்டை, பெரிய எலும்பு இவையும் சீக்கிரம் மக்காது. தனியே எடுத்து வைக்கலாம்.

பத்து கிலோ ஈரக் குப்பை போட்டால் கையில் கிடைப்பது இரண்டு, இரண்டரை கிலோ உரம். மிச்சம் நீராவியாகவும் வாயுவாகவும் போய்விடும். கிடைக்கும் உரம் நம் புல்தரைக்கும் செடிகளுக்கும் போதும். அதற்கு மேல் வந்தால் மாடித்தோட்டம் போட்டிருக்கும் வீடுகளுக்குக் கொடுக்கலாம். மொட்டை மாடியில் கத்தரியும் கீரையும் வளர்க்கிறவர்கள் இப்போது அதைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

நான் கேட்பது இவைதான். தொட்டிகளை அப்புறப்படுத்தச் சொன்ன சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். நாற்றம் என்று புகார் வரும் தொட்டியைப் போய்ப் பார்த்துச் சரிசெய்ய, உரம் போடத் தெரிந்த மூன்று நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை அமையுங்கள். அதில் சேர நான் தயார். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஆறு தொட்டியையும் இப்போதே கட்ட வேண்டாம். முதலில் இரண்டு தொட்டி, ஏ பிளாக் வீடுகளுக்கு மட்டும், ஆறு வாரம் சோதித்துப் பார்க்கலாம். ஆடி பிறப்பதற்குள் தொடங்கினால் மழைக்கு முன் நமக்குப் பழக்கம் வந்துவிடும். ஒப்பந்ததாரரோடு கையெழுத்துப் போடுவதானால் உலர் குப்பைக்கும் சானிட்டரி குப்பைக்கும் மட்டும் போடுங்கள். எந்த இடத்தில், யாரிடம் ஒப்படைக்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குப்பை அறைக்கு முன்னால் உட்கார்ந்து பிரிக்கும் வேலையை அக்காக்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். கலந்து வரும் பையை வாங்காமல் அந்த வீட்டு வாசலிலேயே திருப்பி வைக்க அவர்களுக்கு அதிகாரம் கொடுங்கள், சண்டை வந்தால் சங்கம் அவர்கள் பக்கம் நிற்கட்டும்.

சாணத்துக்குப் பின்தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் பேசிவிட்டேன். வாரம் ஒரு கூடை தருகிறேன் என்றார். தொட்டியின் அளவு, வரைபடம், கம்பிவலைக்கும் கூரைக்கும் ஆகும் செலவு எல்லாவற்றையும் எழுதி ஞாயிற்றுக்கிழமை செயலாளரிடம் கொடுக்கிறேன். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, அதுவரை மாதக் கடைசிக் கெடுவை நிறுத்தி வைத்திருப்பதாக லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏ பிளாக்கில் குடியிருக்கும் உங்கள் சங்க உறுப்பினர் ஒருத்தி